சத்தம் போடாத மோடம்

கோதண்டத்தின் மோடம் ஊளையிட்டால் ஆலைச் சங்கு என்று எண்ணூரில் ஷிப்டு மாறிவிடும். காசிமேட்டில் புயல் சங்கு என்று பயந்து படகைக் கரையேற்றுவார்கள். நம்ப முடியாவிட்டால் கால்வாசி தள்ளிக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து ஒன்று. திருவொற்றியூர் வீட்டில் ஒரே டெலிபோன் லைன். மனைவி கன்னியம்மாவுக்கு விருந்துச் சமையல் ஆர்டர் மத்தியானத்தில்தான் வரும். கோதண்டமும் ஷிப்டு முடிந்து மத்தியானத்தில்தான் வருவார். அதே லைனில் மோடத்தைக் கூவவிட்டு இன்டர்நெட் போட்டுக் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார். லைன் பிஸி. ஆர்டர் அம்பேல்.

"இன்னொரு வாட்டி அது கூவட்டும். கம்ப்யூட்டரு காயலான் கடையிலதான் கெடக்கும், ஆமா!"

கோதண்டம் சபதம் போட்டார். ஸ்கோர் பார்ப்பதை விடமாட்டார், சத்தத்தை ஒழிப்பார்.

கம்ப்யூட்டரில் மோடத்தை இயக்க ஒரு கறுப்புத் திரை உண்டு. கட்டளையைத் தட்டி, பின்னால் ஒரு கோடு போட்டு 'க்யூ' என்று சேர்த்தால் மோடம் வாயைப் பொத்திக்கொள்ளும் என்று, அந்த ப்ரோக்ராமை சி.டி.யில் கொடுத்த தோஸ்து ரஷீது சொல்லியிருந்தான். சேர்த்தார். அது இரண்டு கட்டை ஏற்றிக் கூவியது.

ரஷீதுக்குப் போன் போட்டார்.

"மாமு, அந்த ப்ரோக்ராம எழுதுனவன் 'ஆமா' போடற எடத்துல 'இல்ல'ன்னு போட்டுகீறான். ஃபைலைத் தொறந்து மாத்திடு."

"அப்ப க்யூ போட்டா மூச்சு வுடாதா?"

பக்கத்தில் எறா உரித்துக்கொண்டிருந்த கன்னியம்மா மூச்சுவிடவில்லை.

மறுநாள் மத்தியானம் மாற்றினார். கோடு, க்யூ, என்டர்.

நிசப்தம்!

'அழைக்கிறது... அழைக்கிறது' என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்து இன்டர்நெட் ஆமைக்கு அண்ணன். மெள்ள வரட்டும் என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னாய்யா, பல்லு அத்தினியும் வெளிய தெரியுது?"

"சொம்மா சீட்டு ஆடிகினு கீறேன்."

"இன்டர்நெட்டு இல்லியே?"

"சேச்சே! அது ஓடுனா உன் காதுல வுழாதா?"

"அதானே பாத்தேன்."

அப்போது டெலிபோன் மணி அடித்தது. கோதண்டத்தின் காலாட்டல் நின்றது. லைன் இன்டர்நெட்டில் இருந்தால் மணி எப்படி அடிக்கும்?

"சொல்லு ஐரீன் அக்கா... கொயந்தைக்கு ஞானஸ்நானமா? நூறு பேரா? ஜமாய்ச்சுடலாம்!"

ரிசீவரை வைத்துவிட்டு வந்த கன்னியம்மா, வெங்காயக் கூடையை அவர் மடியில் இறக்கினாள்.

"உரி மாமா. உன் க்யூ வேல செய்யுதோ இல்லியோ, மோடம் ஒயரு காலைலேந்து என் இடுப்புல கீது."