கரகரப்புப் பெட்டியின் பூர்வீகம்

"இவங்கட ஊர் புத்தளம்னு எழுதுங்க சேர்," புருசனைக் காட்டிச் சொன்னாள் கமீலா.

"தங்கச்சி, விதியிலை அதுக்கு இடமில்லை—"

"விதியக் கேக்கல்ல, ஊரத்தான்—"

"—'தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்.' எழுதியாச்சு. இனி வெட்டேலாது."

உலக நாகரிகத்துக்குப் புத்தளம் மாவட்டம் இரண்டு பெருங்கொடைகளை வழங்கியிருக்கிறது. ஒன்று உப்பு. மற்றது கரைத்தீவு மர்ஸூக் செய்யும் கிற்றார் பெடல். அந்தச் சின்னப் பெட்டியைக் காலால் ஒரு மிதி மிதித்தால், தேனாய்ப் பாடிக்கொண்டிருக்கும் கிற்றார் தொண்டை கட்டிய காகமாய்க் கத்தும். இந்த மேன்மைக்காக நோர்வேயில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஆகவே அதன் 'அதிகாரபூர்வ வரலாற்றை' எழுத, கரையோரப் பெருமைகள் சபையின் செயலாளர் அருமைநாயகம் நேரில் எழுந்தருளியிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றத்தில் வந்து எட்டு மாதம்.

மர்ஸூக்கின் மனைவி கமீலாவுக்கு வேண்டியது பெருமையல்ல. புத்தளத்தார் என்று முத்திரை குத்திய ஒரு வரி. அது இருந்தால் மகள் சப்னாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். தொண்ணூறில், போரின் நடுவே, முஸ்லிம்கள் எல்லாரும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டபோது புருசனும் பெண்சாதியும் சின்னப் பிள்ளைகள்.

"பிறந்தது எங்கை?" செயலாளர் பேனையைத் திறந்தார்.

"மன்னார்ல," என்றான் மர்ஸூக்.

"உம்மை ஆர் கேட்டது? பெட்டியைக் கேக்கிறன்."

"இந்த மேசையில."

"கரகரப்பு எப்பிடி வந்தது?"

"முதல் பெட்டிய மறதியா கடற்கரை மீன்வாடியில விட்டுட்டு வந்துட்டேன் சேர். மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா உள்ளுக்கெல்லாம் துரு. மிதிச்சா அப்பிடி ஒரு சத்தம். இப்ப ஒவ்வொண்டையும் மூடியத் திறந்து மூணு மாசம் கடற்கரையில வெச்சுத்தான் அனுப்புற."

செயலாளரின் கண்கள் கலங்கின.

"எங்கட காத்திலை கிடந்ததோ? எங்கட உப்பைக் குடிச்சதோ? அப்ப அது இந்த மண்ணின்ரை பிள்ளையெல்லே."

முத்திரையை வாயால் ஊதி, பெட்டியின் பேரில் நிரந்தர வதிவிடச் சான்றிதழ் ஒன்றைக் குத்தினார். பெயர்: பெடல். தொழில்: கத்துதல்.

"அதுக்கு வாக்கும் இரிக்கா சேர்?" கமீலா கேட்டாள்.

"பதினெட்டு வயசு வரட்டும் தங்கச்சி. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

"பள்ளிக்கூடம்?"

"ஓம், பெட்டியைத் தாராளமாச் சேர்க்கலாம். உள்ளூர்ப் பிள்ளைக்குத்தானே முதலிடம்."

மர்ஸூக் பெட்டியைத் தட்டிக்கொடுத்தான். "பரவாயில்ல. வீட்டுல ஒராளுக்காவது ஊர் கிடைச்சிரிக்கு."

கமீலா சான்றிதழை இருதரம் வாசித்தாள். தினமும் பெட்டிகளைக் கடற்கரைக்குக் காவிக் காவித் துருக்கறை ஏறிய உள்ளங்கையைச் செயலாளரின் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"மூணு மாசத் துருவுல பெட்டி ஊராளாயிட்டுது. நாங்க இருபத்தாறு வருசமாத் துருப்பிடிக்கிறோம் சேர். இன்னும் எவ்வளவு துரு வேணும்?"