எல்லப்பன் வேதம் படித்த கதை

ரஞ்சிதம் பொய் சொல்லியிருந்தால்கூட எல்லப்பன் மன்னித்திருப்பார். அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு ஆறவேயில்லை.

மகள் ஷாலினிக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று பேச்சை எடுத்தவள் மனைவி ரஞ்சிதம்தான். காலைக் காப்பியோடு எடுத்தாள்.

"பையன் ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போறான்."

"அப்படியா!" என்றார் எல்லப்பன்.

"பூச பாக்காம பச்சத் தண்ணி குடிக்க மாட்டானாம்."

"பலே!"

"வருஷா வருஷம் காவி கட்டிகினு நடந்தே போறான். பேரு வளவன்."

எல்லப்பன் உருகிவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா! "நடந்துன்னா எந்த மலைக்கு? நம்ம மலைக்கா, திருப்பதிக்கா?"

"மலை இல்லீங்க. கடற்கரை."

"திருச்செந்தூரா! முருகா!"

"வேளாங்கண்ணி."

காப்பி டம்ளர் கூடத்தைத் தாண்டி, வாசற்படியில் குதித்து, தெருவில் போய் நின்றது.

"வேதக்காரப் பையனா?"

"ஆங்."

"இன்னாடி ஆங்? வளவன்னு பேரு வெச்சிகினு வேதக்காரனா இருந்தா மனுஷன் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பேருல ஒரு ஜோசப்பு வேணாம்? ஒரு அந்தோணி வேணாம்? போர்டுல ஒரு ஊரு, போறது ஒரு ஊரா?"

போர்டு விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். திருத்தணி பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது எட்டுக்குக் கிளம்பிய திருப்பதி வண்டியை ஒன்பது என்று எழுதிய டிரைவரைத் திருத்துவதற்காக, நகரி சாலை வரைக்கும் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியவர். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் ஓட்டம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பேரனுக்குத் தப்பாக வாய்ப்பாடு சொன்னால் இவர் இங்கிருந்து கத்துவார். தப்பு அவர் காதில் விழுந்தால் போதும், சோறு இறங்காது.

அன்றிலிருந்து மகளோடு பேச்சை நிறுத்தினார். ஷாலினி அரக்கோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலையில் இருந்தாள். வளவன் அதே இடத்தில் எக்ஸ்ரே எடுப்பவன். காலை ரயிலுக்குக் கிளம்பும்போது "நைனா, போயிட்டு வரேன்" என்பாள். எல்லப்பன் மின்விசிறியைப் பார்த்து, "யாரோ போறாங்களாம்" என்பார். பதினாறு நாள் இப்படியே போயிற்று. பதினேழாம் நாள் அவள் சொல்லாமலே போனாள். அன்றைக்கு முழுக்க மின்விசிறிமேல் எரிந்து விழுந்தார்.

சாயங்காலம் ரஞ்சிதம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "உங்களுக்கு இன்னாதான் கோவம்? பையன் மேலயா, சாமி மேலயா?"

"சாமி மேல எனக்கு இன்னாடி கோவம்? நாளைக்கு அவ பொட்டை அழிப்பாங்க. பேர மாத்துவாங்க. ஆடிக் கிருத்திகைக்கு நான் காவடி எடுத்துகினு படி ஏறும்போது..." கத்திக்கொண்டே வந்த குரல் பாதியில் இறங்கிப்போனதை ரஞ்சிதம் கவனித்தாள். கீரையைக் கீழே வைத்தாள்.

எல்லப்பன் குரலை மறுபடி ஏற்றினார். "மதம் மாறச் சொன்னா கல்யாணம் இல்ல! இதுதான் என் முடிவு!"

"சரிங்க. மாறச் சொல்லலன்னா?"

"சொல்லுவாங்க! அவங்க புஸ்தகத்துலயே எழுதியிருக்கும்!"

"எத்தினியாவது பக்கத்துல?"

எல்லப்பன் மின்விசிறியைப் பார்த்தார். அதிலும் பக்கம் எழுதியிருக்கவில்லை.

"தெரியாம சண்டைக்குப் போனா சிரிப்பாங்க" என்றாள் ரஞ்சிதம். "அவங்கள்ளயே விவரம் தெரியாதவங்க இருக்காங்களாம். பெரியவங்க ஊட்ல இருந்தே தானா படிக்கிற மாதிரி பாடமெல்லாம் தபால்ல அனுப்புறாங்களாம். அதெல்லாம் உங்களால ஆவாது, உடுங்க. பத்தாங்கிளாஸ் இங்கிலீஷே ரெண்டு வாட்டி எழுதினவரு நீங்க."

"ரெண்டு வாட்டின்னு எவன் சொன்னான்? மூணு வாட்டி!"

தப்பைத் திருத்திய பிறகுதான் அவமானம் உறைத்தது. எழுந்து நின்றார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். "படிக்கிறேன்டி. அவங்க வேதத்தை அவங்களுக்கே தெரியாத அளவுக்குப் படிக்கிறேன். படிச்சி, எங்க ஓட்டன்னு பாத்து, அந்த ஓட்ட வழியா அந்தக் குடும்பத்தையே வெளிய அனுப்புறேன்!"

ஐந்தாம் நாள் தபால்காரர் ஒரு கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். "தானே கற்க விரும்பும் பெரியவர்களுக்கு: கத்தோலிக்க மறைக்கல்வி, முப்பது பாடங்கள்." ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கேள்வித்தாள். கூடவே கையடக்கமாக ஒரு கேள்வி-பதில் புத்தகம். கண் மங்கியவர்கள் கைப்பேசியில் கேட்டுக்கொள்ள, அதே பாடங்கள் ஒலிவடிவில். எல்லப்பன் யாருக்கும் எழுதிப் போடவில்லை. பிறகு எப்படி வந்தது? அதைக் கேட்கிற நிதானம் கோபக்காரருக்கு ஏது?

சண்டைக்குப் படிப்பவனின் கவனம் பரீட்சைக்குப் படிப்பவனுக்கு வராது. எல்லப்பன் முருகன் படத்துக்குக் கீழே நாற்காலி போட்டு, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். வரிக்கு வரி அடிக்கோடு போட்டார். அடிக்கோட்டின் அழுத்தத்தில் அடுத்த பக்கம் கிழிந்தது. கைப்பேசியில் பாடத்தைப் போட்டு, முழுச் சத்தத்தில் வைத்து, பாடம் நடத்தும் பாதிரியாரோடு மல்லுக்கு நின்றார்.

"அன்பார்ந்த சகோதரனே..."

"யாருக்கு யாருய்யா சகோதரன்? விஷயத்துக்கு வா!"

எதிர்வீட்டுத் தாயாரம்மாள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் மதில்மேல் தலையை நீட்டினாள். "இன்னா ரஞ்சிதம், ஊட்டுக்காரர் வேதத்துல சேந்துட்டாரா?"

"சேரல!" உள்ளேயிருந்து எல்லப்பன் கர்ஜித்தார். "சண்டைக்குப் படிக்கிறேன்!"

"ஏம்மா, சண்டைக்குக்கூடவா பாடம் கெடைக்குது?" என்றாள் தாயாரம்மாள். "எங்க ஊட்ல படிக்காமலே போடுறாரே!"

கேள்வித்தாளை எழுதி அனுப்பினால் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள். முதல் தாளின் ஓரங்களில் எல்லப்பன் பதினோரு கேள்விகளை எழுதியிருந்தார். ஒவ்வொன்றும் வெடி. கடவுள் ஒன்றா மூன்றா, ஒன்றென்றால் எதற்கு மூன்று, மூன்றென்றால் எதற்கு ஒன்று. பதிலுக்கு வசவு வரும், அதைக் கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டு மூஞ்சியில் வீசலாம் என்று காத்திருந்தார். தாள் வந்தது. ஓரத்தில் யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: "நல்ல கேள்வி. நான்காம் பாடம், ஆறாம் பக்கம் பார்க்கவும். வாழ்த்துகள்."

"வாழ்த்துகளாம்!" எல்லப்பன் தாளை உதறினார். "திட்டினா திருப்பித் திட்டணும். அதாண்டி மரியாதை! இப்படி நல்ல கேள்வி நல்ல கேள்வின்னா மனுஷன் எப்படிச் சண்டை போடுறது?"

"மார்க்கு எவ்ளோ?"

"தொண்ணூத்திரெண்டு."

"பரவால்லியே."

"இன்னா பரவால்ல? எட்டு எங்க போச்சு?"

எட்டைத் தேடிப் போனவர் நான்காம் பாடத்தில் விழுந்தார். அங்கிருந்து ஏழு, அங்கிருந்து பதினொன்று. ஷாலினி வேலை முடிந்து வரும்போதெல்லாம் நைனா புத்தகமும் கையுமாக இருந்தார். ஒருநாள் மின்விசிறியைப் பார்த்து, "ஒறுத்தல்னா இன்னான்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். "சாப்பாட்டக் கட்டுப்படுத்துறது மாதிரி, நைனா" என்றாள் அவள். "மாதிரின்னு எழுதினா மார்க்கு போடுவாங்களா?" என்று சீறினார். நாற்பத்தேழு நாளுக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் சீறல் அது. அவள் குளியலறையில் போய் அழுதுவிட்டுச் சிரித்தாள்.

இருபத்திரெண்டாம் பாடம் திருமணம் பற்றியது. ரஞ்சிதம் அந்தப் புத்தகத்தை மட்டும் எடுத்து ஒதுக்கி வைத்தாள். "இது வேணாங்க. சட்டதிட்டமா இருக்குது. உங்களுக்குப் புரியாது."

அதை எல்லப்பன் மூன்று தடவை படித்தார். கேள்வித்தாளில் நூற்றுக்கு நூறு. பீரோ கதவில் ஒட்டினார்.

"வரச் சொல்லு அவங்கள!" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினோரு மணி வண்டியில் வந்தார்கள். வளவன், அவன் அப்பா சவரிமுத்து. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாய் இல்லாத பையனை ஒண்டியாக வளர்த்தவர். அவருக்கும் இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. முகத்தைச் சிவப்பு சிக்னல் மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

"நான் சுத்தி வளைச்சிப் பேச மாட்டேன்" என்றார் சவரிமுத்து. "பொண்ணு ஞானஸ்நானம் எடுத்தாத்தான் கல்யாணம். அது எங்க சட்டம். சம்மதமா, இல்லியா?"

எல்லப்பன் இரண்டு மாதத்துக்கு மேலாகக் காத்திருந்த வார்த்தை அது. எழுந்து, வாசலைக் காட்டி, "அப்போ கிளம்புங்க!" என்றால் கதை முடிந்தது. எழுந்தும்விட்டார். கையைத் தூக்கியும்விட்டார். ஷாலினி தூணோடு தூணாக நின்றாள். முகத்தில் ரத்தமில்லை. வளவன், "அப்பா..." என்று தகப்பன் கையைப் பிடித்தான்.

சமையலறைக் கதவோரத்திலிருந்து ரஞ்சிதம் மெதுவாகச் சொன்னாள்: "சட்டமாங்க? அப்படின்னா சரியாத்தான் இருக்கும். அவங்க பரம்பர வேதக்காரங்க. அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப்போவுது?"

தூக்கிய கை வாசலுக்குப் போகவில்லை. சவரிமுத்துவின் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

"தப்பு!" என்றார் எல்லப்பன்.

"எது தப்பு?"

"நீங்க சொன்னது தப்பு! சட்டமாம் சட்டம்! பொண்ணு ஞானஸ்நானம் எடுக்காட்டியும் கல்யாணம் பண்ணலாம். ஆயர்கிட்ட, அதான் பிஷப்புகிட்ட, அனுமதி வாங்கணும். அவ்ளோதான்! விசுவாசத்த யார் மேலயும் திணிக்கக் கூடாது. அதான்யா உங்க சட்டம்!"

"இன்னா சார், எங்க மதத்தை எனக்கே சொல்லித் தரீங்களா?" சவரிமுத்துவும் எழுந்தார். "அறுவத்தி நாலு வருஷமா பூச பாக்குறேன்!"

"அறுவத்தி நாலு வருஷமா வண்டி வரும்போது கொடி காட்டிகினு இருந்தீங்க, வண்டி எங்க போவுதுன்னு பாத்தீங்களா? திருவருட்சாதனம் எத்தினி? சொல்லுங்க!"

"ஏழு!"

"வரிசையா!"

சவரிமுத்து விரல் மடக்கினார். நான்கில் விரல் நின்றது. வளவன் உதடு அசைத்துக் காட்டினான்.

"பிட்டு அடிக்காத தம்பி!" என்று அவன்மேல் பாய்ந்த எல்லப்பன் ஒரே மூச்சில் அடுக்கினார்: "ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை, பாவசங்கீர்த்தனம், நோயில்பூசுதல், குருத்துவம், ஏழாவது கல்யாணம்!"

"எதுங்க ஏழாவது?" என்றாள் ரஞ்சிதம்.

"கல்யாணம்டி, கல்யாணம்! காது கேக்கல?"

"பொறக்குற புள்ளைங்க?" சவரிமுத்து விடவில்லை. "அதுங்களுக்கு ஞானஸ்நானம் உண்டா இல்லியா?"

"அதுக்கு உங்க பையன் வாக்கு தரணும், தன்னால ஆனத செய்யறேன்னு. எம் பொண்ணுகிட்ட அத முன்கூட்டியே சொல்லிடணும். தெரியுமா பொண்ணே?" மின்விசிறியை மறந்து மகளையே பார்த்துக் கேட்டார்.

"தெரியும் நைனா. பேசிட்டோம்."

"பாத்துக்கோங்க! இன்னும் சந்தேகமா? உங்க சாமியாருக்குப் போனைப் போடுங்க!"

சவரிமுத்து வீம்புக்குப் போட்டார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். பங்குத்தந்தை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவர் சொல்றது அத்தனையும் சரிங்க. யாரு அவரு? எந்தப் பங்குக் கோயில்ல உபதேசியாரா இருக்காரு?"

"உபதேசியார் இல்ல சாமி" என்றார் சவரிமுத்து, குரல் இறங்கி. "பொண்ணோட அப்பா. முருகருக்குக் காவடி எடுக்கிறவரு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "நம்ம பங்குலயும் இப்படி ரெண்டு பேரு இருந்தா நல்லாருக்கும்."

சவரிமுத்து போனைச் சட்டைப்பையில் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் தடவையாகத் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தார். "தோத்துட்டேன் சார். ஜனங்க இன்னா சொல்லுவாங்களோன்னு பயந்தேன், வேற ஒண்ணுமில்ல. பொண்ணு மாற வேணாம். பேரும் மாத்த வேணாம். உங்க மலைக்கும் வந்துகினு இருக்கட்டும்."

எல்லப்பன் மீசையைத் தடவினார். முப்பத்தோரு வருஷ வேலையில் எந்த டிரைவரும் இப்படி முழுசாகத் தப்பை ஒப்புக்கொண்டதில்லை. வீடே தன்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஷாலினி ஓடிவந்து காலில் விழுந்தாள். பின்னாலேயே வளவனும் விழுந்தான்.

"எதுக்கு? இப்ப எதுக்கு ரெண்டு பேரும் விழறீங்க?" என்று எல்லப்பன் பதறிப் பின்வாங்கினார். அப்போதுதான் எந்த வண்டியைக் கிளப்பிவிட்டோம் என்று அவருக்கு லேசாகப் புரிய ஆரம்பித்தது. சண்டையில் ஜெயித்தாயிற்று. கல்யாணத்தை நிறுத்த மிச்சம் ஒரு காரணம்கூட இல்லை. இருந்த ஒன்றையும் அவரே நூற்றுக்கு நூறு வாங்கித் தொலைத்துவிட்டார்.

ரஞ்சிதம் சமையலறையிலிருந்து வந்தாள். கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மஞ்சள், கட்டி முடித்த மல்லிகைச் சரம். எல்லாம் காலையிலேயே தயாராகி ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்த மாதிரி ஜில்லென்றிருந்தது.

"மாத்திக்கலாமா அண்ணா?" என்றாள் சவரிமுத்துவிடம்.

எல்லப்பனுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "யாரக் கேட்டுடி தட்டு வெச்ச நீ?"

"இருபத்திரெண்டாம் பாடத்தக் கேட்டுதாங்க" என்றாள் ரஞ்சிதம். "உங்களுக்கு முன்னாடியே போன்ல நாலு வாட்டி கேட்டேன்."