‘நல்ல சுகர்’ என்று ஒரு வியூ

மனைவியை ஏமாற்றுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தீர்மானித்தேன். தீர்மானித்த உடனே அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தேன்.

சுந்தரவல்லிக்குக் கூடுவாஞ்சேரியில் மனை விற்கும் கம்பெனியில் வேலை. எந்த மனை யாருக்குப் போனது, எதில் தண்ணீர் நிற்கும் என்று ஐந்நூறு மனைகளை ஒரு டேட்டாபேஸில் வைத்திருக்கிறாள். அதே சாஃப்ட்வேரில், இரும்புலியூர் வீட்டில், என்னையும் வைத்திருக்கிறாள்.

எனக்குச் சர்க்கரை வியாதி. தினமும் விரலில் குத்தி வருகிற எண்ணை டேபிளில் ஏற்றுவாள். தேதி, அளவு, முந்தின நாள் சாப்பிட்டது. கடைசிக் கட்டமாக ‘சந்தேகம்’ என்று ஒரு காலம். என் கெட்ட காலம் அதுதான். ‘சட்டைப் பையில் எண்ணெய்க் கறை.’ ‘ஜாங்கிரி வாசனை, மறுக்கிறார்.’ இப்படித் தொண்ணூறு வரி. நானும் பார்த்துத் திருந்தட்டும் என்று என் போனிலும் அதைத் திறந்து வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை டாக்டர் மிருதுளாவிடம் அதைக் காட்ட வேண்டும். இந்தத் தடவையும் குறையவில்லை என்றால் இன்சுலின் ஊசி என்று போன தடவையே சொல்லிவிட்டார். தினமும், வயிற்றில். விரல் குத்தலுக்கே கண்ணை மூடுகிறவன் நான்.

ஆபீஸில் பக்கத்து சீட் அசரியாவிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

“எதையும் அழிக்காதீங்க அண்ணா, மாட்டிக்குவீங்க” என்றான். “நூத்தி எண்பதுக்கு மேல இருக்கிற வரியெல்லாம் தெரியாத மாதிரி ஃபில்டர் போடுங்க. சந்தேகக் காலத்தை ஒளிச்சிடுங்க. அதைத் தனி வியூவா சேவ் பண்ணிக்கோங்க.”

“மத்ததெல்லாம் எங்க போகும்?”

“எங்கயும் போகாது. உள்ளயே இருக்கும். இந்த வியூவுல மட்டும் தெரியாது.”

தொண்ணூறு வரி இருபத்து மூன்றானது. சராசரி நூற்று முப்பத்திரண்டு. ‘நல்ல சுகர்’ என்று பெயர் வைத்துச் சேவ் செய்தேன்.

அதற்கப்புறம் தூக்கம் போயிற்று. அவள் போனை எடுத்தால் எனக்கு வியர்த்தது. வியாழக்கிழமை காலையில் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, டேபிளைப் பாத்தேன்.”

“எ... எந்த டேபிள்?”

“சாப்பிடற டேபிள். ஈரத் துண்டைப் போட்டு வெச்சிருக்கீங்க. ஏன் இப்படி வேர்க்குது?”

“சுகரா இருக்கும்” என்று உளறினேன்.

சனிக்கிழமை கிளினிக்கில் நானே முந்திக்கொண்டு போனை நீட்டினேன். சுந்தரவல்லி பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தச் சும்மாதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“ரொம்ப நல்லா இருக்கே மிஸ்டர் ஏகநாதன்” என்றார் டாக்டர். “ஊசி வேணாம். மாத்திரையையும் பாதியாக்கிடலாம்.”

பாதி மாத்திரையா? இருநூற்று எழுபது சர்க்கரைக்கா? கண் போகும், கிட்னி போகும், கால் போகும் என்று வாசலில் மாட்டியிருந்த படம் ஒவ்வொன்றாக என் உடம்பில் ஏறியது. டாக்டரின் பேனா சீட்டைத் தொட்டது.

“டாக்டர், எழுதாதீங்க. அது பொய். மிச்சத்தை மறைச்சிருக்கேன். தினமும் ஸ்டேஷன் வாசல்ல ரெண்டு பஜ்ஜி. வெள்ளிக்கிழமைன்னா ஜாங்கிரி.”

மனைவி பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். “தெரியும் சார். மேடம் முழு டேபிளையும் புதன்கிழமையே அனுப்பிட்டாங்க. இன்சுலின் அப்பவே எழுதி வெச்சாச்சு.”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன் அவளிடம்.

“அந்த வியூவை உங்களுக்கு மட்டும்னு போடாம எல்லாருக்கும்னு சேவ் பண்ணியிருந்தீங்க. அடுத்த நிமிஷம் என் போன்ல வந்து நின்னுது.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா ஜாங்கிரி கணக்கு எனக்கு எப்படிக் கிடைக்கும்? நான் பஜ்ஜி வரைக்கும்தான் கண்டுபிடிச்சிருந்தேன். ஜாங்கிரி வெறும் வாசனையாத்தான் இருந்துது.”

பேசிக்கொண்டே போனில் எதையோ தட்டினாள்.

“என்ன பண்றே?”

“உங்க பர்மிஷனை மாத்தறேன். இனிமே நீங்க பாக்கலாம், தொட முடியாது.”