பரீட்சைத் தட்டில் ஒரு விளைமீன்

உயிரியலைக் கண்டு ஓடியவர்களை உயிரியல் எப்படியும் தேடிப்பிடித்துவிடும். நான் ஓடியதற்குக் காரணம், படம் கீறப் பஞ்சி; அவ்வளவு சோம்பல். பள்ளி உயர்தரத்தில் கணிதம் படித்து, கம்பஸுக்குப் போய், துறை தெரிவு செய்யும் நாளில் 'உயிர்ப் பொறியியல்' என்ற பெயரின் அழகில் மயங்கிக் கையெழுத்துப் போட்டேன். உப்புவெளிக் கடலில் மீன்பிடிக்கும் அப்பா, "என்ர மகள் டொக்டருக்கும் இஞ்சினியருக்கும் சேர்த்துப் படிக்கிறா" என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். அவருக்கு ஒரேயொரு ஆசை. என் கையில் மீன் மணக்கக் கூடாது.

உயிரியல் படிக்காமல் வந்தவர்கள் முதலில் அடிப்படை உயிரியலில் சித்தியடைய வேண்டும். இல்லாவிட்டால் வேறு துறைக்கு மாற்றிவிடுவார்கள். விரிவுரைகளில் ஒன்றும் விளங்காமல் தலையாட்டிக்கொண்டிருந்த எனக்கு, செய்முறைப் பரீட்சையன்று கடவுள் கண் திறந்தார். தட்டில் ஒரு விளைமீன், பக்கத்தில் ஒரு கத்தி. (செய்ய வேண்டியதை விளக்கும் தாளும் இருந்தது. மீன் வெட்ட எனக்குத் தாள் எதற்கு?)

மற்றவர்கள் மீனைத் தொடவே அருவருத்து நிற்க, நான் செதிள் சுரண்டி, செவுளைப் பிடுங்கி, குடலையெல்லாம் வழித்து வாளியில் போட்டு, குழாயடியில் நன்றாக அலசி, ஒரே அளவுத் துண்டுகளாக அடுக்கினேன். உப்பும் மஞ்சளும் கிடைத்திருந்தால் தடவியும் இருப்பேன்.

விரிவுரையாளர் வந்து தட்டைப் பார்த்தார். "இதயம் எங்க?"

"வாளியில, மேடம்."

"ஈரல்?"

"அதுவும் அங்கதான்."

"அப்ப தட்டில என்ன இருக்கு?"

"கறித்துண்டு, மேடம்."

வாளியைக் கிளறி இதயத்தை எடுத்துக் காட்டச் சொன்னார். சிவப்பாய் இருந்த ஒன்றை நம்பிக்கையோடு நீட்டினேன். அது மண்ணீரலாம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நான் பெயில்.

மறுபரீட்சைக்கு முன் விடுமுறை வந்தது. அப்பா ஒவ்வொரு நாளும் ஒரு மீனை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். குசினியில் புத்தகத்தை விரித்துவைத்து, ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி எடுப்பேன். அம்மா வெறும் சட்டியோடு காத்திருப்பார்.

"ஈரலைக் கண்டுபிடிச்சிட்டியோ பிள்ளை? பசிக்குது" என்பார் அப்பா. என் கையில் மீன் மணக்கக் கூடாதென்று ஆசைப்பட்ட மனிதர், அந்த மணத்துக்கு நடுவில் பசியோடு நின்றார். அடுத்தமுறை சித்தியடைந்தேன்.

பிறகொரு நாள் கலியாணம் பேச வந்த மாப்பிள்ளையின் தாய், "பிள்ளை மீன் வெட்டுவாவோ?" என்று கேட்டார்.

அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "வெட்டுவா. நல்லா வெட்டினபடியாத்தான் கம்பஸில பெயிலானவ."

அந்தத் தாய்தான் இப்போது என் மாமி. நத்தார்ப் பண்டிகை விருந்துக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்ப மாட்டார். ஆஸ்பத்திரியில் இதயத்துடிப்புப் பார்க்கும் இயந்திரங்களை என்னை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். மாமி மட்டும், நான் ஈரலைத் தேடி முடிக்கும்வரை பசி தாங்காதென்று, மீன் வெட்டும் கத்தியை இன்னும் என் கையில் தருவதில்லை.