முதல் செமஸ்டரிலேயே ஆர்கானிக் கெமிஸ்ட்ரி

மனைவியைக் கல்லூரிக்குப் போக விடக் கூடாது. ஆனால் போகாதே என்று தன் வாயால் சொல்லவும் கூடாது. பல் டாக்டர் இந்த முடிவுக்கு வந்தபோது ஒரு பஸ் டிரைவரின் கடைவாய்ப்பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். முடிவு உறுதியானது என்பதற்கு அடையாளமாகக் கொஞ்சம் அழுத்திக் குடைந்தார். டிரைவர் ஹாரன் அடித்த மாதிரி ஒரு சத்தம் கொடுத்தார்.

விஷயம் இதுதான். கீழே கிளினிக், மேலே வீடு. கல்யாணமான புதிதிலிருந்தே கிளினிக்கின் முன்மேஜையில் உட்கார்ந்திருப்பவள் டாக்டரின் மனைவி. யாருக்கு எப்போது நேரம் கொடுப்பது, யாரை அதட்டி உட்கார வைப்பது, யாரைத் தட்டிக்கொடுத்து உள்ளே அனுப்புவது எல்லாம் அவள்தான். டாக்டரின் வேலை பல்லோடு சரி; பல்லுக்குச் சொந்தக்காரர்களைச் சமாளிப்பது அவள் வேலை. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும், மனைவி யாரையும் கேட்காமல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். நரம்பியலில் இளநிலைப் பட்டம். இடமும் கிடைத்துவிட்டது.

"நரம்பியலா? அது எதுக்கு உனக்கு?" என்றார் டாக்டர்.

"இத்தனை வருஷமா பார்க்கறேங்க. நீங்க ஊசியைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடியே வெளிய உட்கார்ந்திருக்கறவங்க கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு முனகறாங்க. வலி பல்லுல இருந்தா அது எப்படி?"

"பல்லுல இல்லாம வேற எங்க இருக்கு?"

"மண்டையிலங்க."

தொழிலையே ஒரு வார்த்தையில் தட்டிவிட்டது போல இருந்தது டாக்டருக்கு.

"தினம் தினம் நரம்பைப் பிடுங்கறவன் நான். பிடுங்கறதுக்கு நான், படிக்கறதுக்கு நீயா?"

"நீங்க பிடுங்கினது போதும். மிச்சம் மீதி இருக்கறதை நான் படிச்சுக்கறேன்."

"ஞானப்பல் முளைக்கற வயசெல்லாம் தாண்டிடுச்சும்மா."

"எனக்கு முளைச்சதைத்தான் நீங்க எடுத்துட்டீங்களே."

இதற்கு மேல் நேர்வழியில் போனால் மிஞ்சுவது வெறும் ஈறுதான் என்று டாக்டருக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால், முன்மேஜை காலியாவது அவ்வளவு பெரிய கவலை இல்லை. மகளும் போய்விட்டாள், இவளும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால், நாளெல்லாம் தன்னிடம் வாயைத் திறப்பவர்கள் நோயாளிகள் மட்டும்தான். அவர்களும் திறப்பார்களே தவிர, பேச மாட்டார்கள். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே சதி செய்தார்.

"போறதுன்னு ஆயிடுச்சு. எந்த செமஸ்டர்ல எதைப் படிக்கணும்னு நானே பிளான் போட்டுத் தர்றேன்" என்றார், பஞ்சு வைத்த குரலில்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்பது மாணவர் விருப்பம். டாக்டர் பாட விவரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தார். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைத் தூக்கி முதல் செமஸ்டரில் போட்டார். அது தனியாக இருந்தால் பாவம் என்று பக்கத்தில் கணக்கை வைத்தார். பிசிக்ஸையும் புள்ளியியலையும் துணைக்கு அனுப்பினார். ஆய்வக வகுப்புகளை விடிந்தும் விடியாத நேரமாகப் பார்த்துப் பொறுக்கினார். 'தூக்கமும் கனவும்', 'மூளையும் இசையும்' என்று கேட்கவே இனிக்கிற பாடங்களையெல்லாம் கடைசி வருஷத்துக்குத் தள்ளினார். அவ்வளவு தூரம் யார் போகப் போகிறார்கள்?

மனைவி அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ரொம்ப மெனக்கெட்டிருக்கீங்க."

"எல்லாம் உனக்காகத்தான்."

"அது தெரியுதுங்க" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வகுப்புகள் தொடங்கின. சில நாளில் பையைத் தூக்கி மூலையில் வீசுவாள் என்று டாக்டர் காத்திருந்தார். அதுவரை முன்மேஜையையும் தானே பார்த்துக்கொண்டார். ஒரே நாற்காலிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேரை வரச் சொல்லி, அவர்கள் கைகலப்புக்குத் தயாரானபோது மூன்றாவது ஆளையும் வரவேற்றார்.

பை மூலைக்குப் போகவில்லை. ஆனால் ஒரு சாயங்காலம் அவள் முகம் வாடி வந்தாள். டாக்டரின் மனம் துள்ளியது.

"என்னம்மா, கஷ்டமா இருக்கா?"

"எல்லாம் பரவாயில்லைங்க. இந்த ஆர்கானிக் கெமிஸ்ட்ரிதான் தலையும் புரியல, வாலும் புரியல."

'விட்டுடேன்' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. அதற்குள் அவள் சொன்னாள்:

"நீங்க டாக்டருக்குப் படிச்சவர். உங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடாச்சே. ஒரே அணு, ஒரே பிணைப்பு, ஆனா ரெண்டும் வேற வேற மூலக்கூறாம். எப்படிங்க?"

டாக்டருக்கு வேர்த்தது. அந்தப் பாடத்தில் அவர் தேறியதே பரீட்சை திருத்தியவரின் இரக்கத்தால்தான். தெரியாது என்று சொல்லலாம். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லாத ஒரே வார்த்தை அது.

"இப்போ வேலை இருக்கு. நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் காலை பாடப்புத்தகம் வாங்கி வந்தார். பிளாஸ்டர் தாடைகள் அடுக்கியிருந்த அலமாரியில், தாடைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். ஒரு நோயாளியின் கன்னம் மரத்துப்போகும் இடைவெளியில் ஒரு பக்கம் என்று படித்தார். பக்கம் பெரிதாக இருந்தால் மருந்தையும் சேர்த்துப் போட்டார்.

ஒருநாள் வங்கிக் காசாளரின் வாயில் கண்ணாடியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கத்தினார்.

"கண்ணாடி பிம்பம்! இடது கடைவாய்ப்பல்லும் வலது கடைவாய்ப்பல்லும் அச்சா ஒண்ணுதான். ஆனா இதைப் பிடுங்கி அங்க வெச்சா பொருந்துமா?"

"வேணாம் டாக்டர்" என்று எழுந்திருக்கப் பார்த்தார் காசாளர்.

அன்று சாயங்காலம் இரண்டு பிளாஸ்டர் பற்களை வைத்துக்கொண்டு டாக்டர் மனைவிக்குப் பாடம் நடத்தினார். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். "எங்க பேராசிரியர்கூட இவ்வளவு தெளிவாச் சொல்ல மாட்டாருங்க" என்றாள். டாக்டர் இரவுச் சாப்பாட்டில் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

அதன் பிறகு அவளுக்குத் தினம் ஒரு சந்தேகம் வந்தது. அவருக்குத் தினம் ஒரு பாடம் வந்தது. சாப்பிட்டு முடிந்ததும் இரண்டு பேரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டாக்டர் பேசினார், படம் வரைந்தார், அதட்டினார், "எங்க, திருப்பிச் சொல்லு" என்றார். வீட்டில் ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லும் பாக்கியம் அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை. சதி என்று ஒன்று செய்தோமே, அது என்னாயிற்று என்பதே அவருக்கு மறந்துபோனது.

பரீட்சை நெருங்கிய சமயத்தில் அவள் பெருமூச்சு விட்டாள்.

"என்னால முடியலைங்க. பேசாம விட்டுடலாமான்னு பார்க்கறேன்."

"விடறதாவது!" என்று டாக்டர் மேஜையைத் தட்டினார். பிளாஸ்டர் பல் ஒன்று உருண்டு ஓடியது. "பாதியில விட்டா நான் படிச்சது... நான் சொல்லிக்கொடுத்தது என்னாகறது? மூச்!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளோ என்று டாக்டருக்குப் பாவமாக இருந்தது. தோள்கள் குலுங்கின.

பரீட்சையன்று கிளினிக்கை மூடிவிட்டு அவரே காரில் கூட்டிப்போனார். வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே ஓட்டினார். அவள் ஹாலுக்குள் போனதும், அவர் வராந்தாவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகியபடி நடந்தார். அவள் வெளியே வந்து நின்ற அதே நேரம் அந்தப் பக்கமாக ஒரு இளம்பெண் வந்தாள். மாணவர்களுக்குப் பாடம் தேர்ந்தெடுக்க உதவுகிற ஆலோசகர்.

"மேடம், பரீட்சை எப்படி?" என்றவள் டாக்டரைப் பார்த்தாள். "சார்தானா அந்த பிளான் போட்டது?"

"நானேதான்" என்றார் டாக்டர், நெஞ்சு நிமிர்த்தி. "கெமிஸ்ட்ரி கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா தயார் பண்ணிட்டேன்."

"கெமிஸ்ட்ரியா? இன்னிக்கு உளவியல் அறிமுகம் சார். இந்த செமஸ்டர்ல மேடமுக்கு அதுவும் உயிரியலும் மட்டும்தான். கெமிஸ்ட்ரி அடுத்த வருஷம்." ஆலோசகர் ஒரு அபூர்வப் பிராணியைப் பார்ப்பது போல டாக்டரை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

டாக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"முதல் நாளே அவங்ககிட்ட உங்க பிளானைக் காட்டினேங்க" என்றாள் மனைவி. "'இதைப் போட்டவருக்கு உங்க மேல ஏதாவது கோபமா'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கோபமில்லை, நான் வீட்டை விட்டுப் போறது அவருக்குப் பொறுக்கலைன்னு சொன்னேன்."

டாக்டர் தரையைப் பார்த்தார்.

"அப்போ தினம் விடியக்காலையில கிளம்பினியே?"

"இங்க கேன்டீன்ல உட்கார்ந்து டீயை ஆறவிடாம குடிப்பேன். இடையில யாரும் கூப்பிட மாட்டாங்க."

"சரி, வகுப்பே இல்லாத பாடத்துக்கு என்னைப் போட்டு எதுக்கு இந்தப் பாடு படுத்தினே?"

"அடுத்த வருஷம் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேணுமேங்க. டியூஷனுக்கு வெளிய எங்க போய்த் தேடறது?" அவள் பையைத் தூக்கி அவர் தோளில் மாட்டினாள். "கெமிஸ்ட்ரி உங்களுக்கு நல்லாவே வந்துடுச்சு. வர்ற திங்கட்கிழமையிலிருந்து பிசிக்ஸ் ஆரம்பிச்சுடுங்க."