இடப்பக்கம் மட்டும் திரும்பிய ஜீப்

கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்கினாலே, எந்த வண்டியின் எந்தப் பாகம் என்று சொல்லிவிடுவேன் என்று ராஜபாளையம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். (முழுக்க என்றால் மூன்று டீக்கடை.) அது எண்பதுகளின் கடைசி. உதிரிபாகக் கடையில் வேலை, முப்பத்திரண்டு வயது. அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. கடையைப் பூட்டி அறைக்குப் போனால் மறுநாள் கடை திறக்கும்வரை பேச ஆள் கிடையாது. அதனால்தான் அந்த ஜீப்பை வாங்கினேன். நாலு பேர் உட்காரும் வண்டி இருந்தால் நாலு பேர் வருவார்கள் என்று ஒரு நினைப்பு.

இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பட்டாள ஜீப் அது. பட்டாளத்தில் கழித்து ஏலம் விட்ட வண்டி. டிராப் ஆர்ம் விரிசல் விட்டிருந்தது. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் பல்லோடு பல் கோத்து மாட்டும் இரும்புக் கை அது. அது அசைந்தால்தான் சக்கரம் திரும்பும். மதுரைப் பழைய இரும்புக் கடைகளில் நாலு ஞாயிற்றுக்கிழமை கிளறினேன். நீளம் சரியாக இருந்தால் பல் எண்ணிக்கை உதைக்கும். ஐந்தாவது ஞாயிறு கிடைத்தே விட்டது. யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் தூங்கியவரை எழுப்பிக் காட்டினேன். அவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

அந்த வாரம்தான் தரகர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். போட்டோ இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது. நேரில் பார்த்துப் பூ வைப்பதுதான் பாக்கி. பெண் பார்க்க ஒற்றையாளாகப் போக முடியுமா? லேத் பட்டறை சுந்தரம் அண்ணனையும் மதினியையும் சொந்தக்காரர்களாக இரவல் கேட்டேன். பாவம், வந்தார்கள்.

கிளம்புகிற அன்று காலையில் ஆர்மை மாட்டினேன். தண்டில் ஒரு கோடு வெட்டியிருக்கும், ஆர்மில் ஒரு கோடு. இரண்டும் நேர் பார்க்க வேண்டும், தள்ளி மாட்டினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் பாதியிலேயே முட்டி நின்றுவிடும். நானோ மாட்டும் முன்பே நல்ல காரியமாயிற்றே என்று ஆர்முக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அப்பிய அப்பில் கோடு சந்தனத்தில் மூழ்கிப்போனது. பொட்டுக்குக் கீழேதான் கோடு இருக்கும் என்று நம்பி, பொட்டை நேராக வைத்து நட்டை முறுக்கினேன்.

என் சந்திலிருந்து இடப்பக்கம் திரும்ப வேண்டும், திரும்பியது. அப்புறம் கிட்டத்தட்ட நேர் ரோடு. ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போனது. பழைய வண்டியின் குணம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ரதவீதியை அடைந்தோம். பெண் வீடு வலப்பக்கச் சந்தில் இரண்டாவது. வலப்பக்கம் ஒடித்தேன், கால் சுற்றில் ஸ்டியரிங் கல்லாக நின்றுவிட்டது. ஓரமாக நிறுத்தி நடந்திருக்கலாம். ஆனால் அவர்கள் வாசலில் என் ஜீப் நிற்க வேண்டாமா? அடுத்த தடவை அகலமாக ஒடிக்கலாம் என்று ரதவீதியைச் சுற்றினேன். நாலு மூலையும் இடப்பக்கம். ஊரே வலம் வருகிற கோயிலை நாங்கள் இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது சுற்றில் மடியில் பூத்தட்டோடு இருந்த மதினி மெதுவாகச் சொன்னார். "தம்பி, கோயில இப்படிச் சுத்தப்படாது. கொள்ளி வைக்கயிலதான் இடமாச் சுத்துவாக."

"செத்த பொறுங்க மதினி, இந்தா திரும்பிரும்."

அப்போதுதான் சந்து முனையில் அவளைப் பார்த்தேன். போட்டோவில் பார்த்த அதே முகம், முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றும் ஸ்டியரிங்கின் தப்புத்தான். நான்காவது சுற்றுக்குத் தேவையே இல்லை. வண்டி திரும்பாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் சிரிப்பதை இன்னொரு தடவை பார்க்கத்தான் போனேன். என்னைப் பார்த்து அதுவரை யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

பிறகு இறங்கி நடந்தோம். காபி கொடுத்தார்கள். பூத்தட்டை மட்டும் வாங்கவில்லை. கோயிலை இடமாகச் சுற்றி வந்த சகுனம் பெண்ணின் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை என்று, அங்கே வந்திருந்த தரகர் வாசலிலேயே சொல்லிவிட்டார். அண்ணனும் மதினியும் பஸ்ஸில் போய்விட்டார்கள். நான் ரதவீதி ஓரத்தில் படுத்து, ஆர்மைத் தட்டிக் கழற்றி, சந்தனத்தைத் துடைத்தேன். கோடு மூன்று பல் தள்ளி இருந்தது. சரியாக மாட்டினேன். ஊர் திரும்பும்போது ஜீப் இரண்டு பக்கமும் அருமையாகத் திரும்பியது. பக்கத்து இருக்கையில் பூத்தட்டு மட்டும் வந்தது.

பத்து வருஷம் கழித்து, செட்டியார்பட்டியில் ஒரு கல்யாணப் பந்தி. அப்போதும் நான் ஒற்றையாள்தான். பக்கத்து இலைக்காரர் நல்ல பேச்சுக்காரர். அவர் மனைவியை முதலில் பெண் பார்க்க ஒருவன் பட்டாள ஜீப்பில் வந்தானாம், கோயிலை மூன்று தடவை இடமாகச் சுற்றினானாம். வீட்டில் பிள்ளைகள் யாராவது வழி தப்பினால் இன்றைக்கும் 'ஜீப்பு மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்களாம். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வீட்டில் எனக்கு மாப்பிள்ளை என்றே பெயர் இருந்தது.

"மூணு இல்ல, நாலு சுத்து," என்றேன், வாய் தவறி.

அவர் சோற்றில் கை வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரியும் நாலுன்னுதான் அடிச்சுச் சொல்லுதா. நான்தான் நம்பல."