சீக்கிரமே தீரும் இன்ஹேலர்

"ரெண்டு மாசம் வர வேண்டியது ரெண்டே வாரத்துல எப்படித் தீரும்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

தையல்காரர் பேந்தப் பேந்த விழித்தார். மூச்சு முட்டினால் மட்டும் அடித்துக்கொள்ளும் நீல இன்ஹேலர் அது. எப்போதாவதுதான் அதைத் தொடுவார். சத்தியம் பண்ணக்கூடத் தயார். ஆனாலும் மேஜை மேல் கிடந்தது காலி.

இவ்வளவு மருந்து செலவானால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தமாம். வீட்டில் பூனை, நாய் ஏதாவது உண்டா என்று டாக்டரம்மா விசாரித்தார்.

பக்கத்தில் இருந்த மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. பூனை என்றால் அவளுக்கு உயிர். அவளுடைய தலையணையில் பாதி அதற்குத்தான். அதை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னால் அவள் ஒடிந்துபோவாள். அதைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை.

"பூனையெல்லாம் இல்லீங்க."

டாக்டரம்மாவின் பார்வை அவர் சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளை முடியில் நின்றது. தைக்க வந்த கம்பளித் துணியின் நூல் என்று சமாளித்தார். கம்பளித் தூசியும் ஆகாது, கொஞ்ச நாள் கடையை மூடிவையுங்கள் என்றார் டாக்டரம்மா. பூனையைக் காப்பாற்றப் போய்ப் பிழைப்பில் மண் விழுந்தது.

தையல்காரர் அவசரமாக வேறு கதைக்குத் தாவினார். இன்ஹேலர் வேலை செய்கிறதா என்று தினமும் காற்றில் நாலைந்து தடவை அடித்துப் பார்ப்பாராம், மருந்து அப்படித்தான் வீணாகிறதாம். டாக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மூலையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நர்ஸைக் கூப்பிட்டு, இவர் எப்படி அடிக்கிறார் என்று பார்க்கச் சொன்னார்.

செய்துகாட்ட நர்ஸ் கொடுத்த இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினார். புகை மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் சாவகாசமாக வெளியேறியது.

"இப்படி அடிச்சா நெஞ்சுக்குள்ள ஒண்ணும் போகாது" என்றாள் நர்ஸ்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. புருஷன் மானம் போகிறதே என்று இன்ஹேலரைப் பிடுங்கினாள். நன்றாகக் குலுக்கினாள். மூச்சை முழுக்க வெளியே விட்டாள். உதட்டை இறுக்கி மூடி, அழுத்திக்கொண்டே நிதானமாக உள்ளே இழுத்தாள். கண்ணை மூடி, விரல்விட்டுப் பத்து வரை எண்ணினாள். ஒரு பொட்டுப் புகை வெளியே வரவில்லை.

தையல்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. எல்லாம் தன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் என்றார்.

நர்ஸ் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"பூனையைப் பத்தி அப்புறம் பேசலாம். அக்கா, உங்களுக்கு எத்தனை நாளா இழுப்பு?"